முழங்கை வரை எட்டும் தூண்டில்

குளச்சலில் மீன்பிடி சாமான்கள் விற்கும் அந்தக் கடையில் அன்று நாங்கள் மூன்று பேர் நின்றோம்: அப்பா, அத்தான், நான். அத்தான் என் அக்காவின் கணவர். அவருடைய டெம்போவில்தான் வந்திருந்தோம். அக்கா வரவில்லை, பிள்ளைக்குச் சளி. அம்மாவும் வரவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், செருப்பைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.

"எனக்க மாப்பிளைக்க காலை அறுத்த சாதனம் விக்கிய கடையில நான் வந்து நிக்கணுமா? நீங்க போயிட்டு வாருங்க. நான் நடந்து வீட்டுக்குப் போறேன்."

அம்மா சொன்னது உண்மைதான். அப்பாவின் காலை அறுத்தது தூண்டில்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் வேலை பார்த்தவர். வேலை முடிந்தால் ஆற்றங்கரை. திருவட்டாறு பக்கம் எங்கள் ஊருக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் ஒரு பரந்த பாறை உண்டு. அதில் உட்கார்ந்து கைத்தூண்டில் போடுவார். கம்பு கிடையாது, ரீல் கிடையாது. தங்கூசி என்று நாங்கள் சொல்லும் நைலான் நூல், ஒரு முள், ஒரு ஈயக்குண்டு. நூலை ஆற்றில் எறிந்துவிட்டு மறுமுனையை இடது காலின் பெருவிரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வார். இரண்டு கையும் சும்மா இருக்கும். பீடி பிடிக்கலாம், பக்கத்தில் இருப்பவரிடம் கதை பேசலாம். மீன் கடித்தால் விரல் இழுபடும், அப்போது எழும்பினால் போதும். எங்கள் பக்கத்து ஆட்கள் பலரும் இப்படித்தான் போடுவார்கள். அப்பாவின் பெருவிரலில் மோதிரம் போட்ட தடம்போல ஒரு வெள்ளைக் கோடு எப்போதும் இருக்கும்.

சுகர் வந்து பல வருடங்கள் கழித்து அந்த விரல் மரத்துப்போனது. அது அவருக்கே தெரிந்ததா, தெரியவில்லையா, எனக்கு இன்றும் விளங்கவில்லை. மீன் கடிப்பது தெரியவில்லை என்றதும் அவர் செய்தது ஒன்றுதான்: சுற்றை இறுக்கினார். ஒரு சுற்று இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒரு நாள் சாயங்காலம் அவர் ஆற்றிலிருந்து வந்து அடுக்களையில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா தரையைப் பார்த்தாள். வாசலிலிருந்து அடுக்களை வரை சிவப்புப் புள்ளிகள்.

"ஏதோ கோழியாக்கும்" என்றார் அப்பா.

கோழி இல்லை. ரப்பர் மரத்தில் கத்தி போட்டதுபோல விரலைச் சுற்றிலும் ஒரே சீராக ஒரு வெட்டு. அவருக்கு அது தெரியவே இல்லை. சாயா டம்ளரைக் கீழே வைக்காமலேயே குனிந்து பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதைப்போல.

மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் காயத்தைத் தொடவே இல்லை. பேனா போன்ற ஒரு பிடியின் முனையில் சின்ன நைலான் நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தார். அப்பா அதைக் கண்டதும் உற்சாகமானார்.

"இது எத்தன நம்பர் தங்கூசியாக்கும் டாக்டர்?"

"பேசாதீங்க ஐயா. கண்ணை மூடுங்க. இதால உங்க பாதத்தத் தொடுவேன். தொடும்போது சொல்லுங்க."

அப்பா கண்ணை மூடினார். "ம்" என்றார். கொஞ்சம் கழித்து "ம்." பிறகு "ம்." நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா நூலைப் பாதத்தில் வைத்தபோதும் "ம்" வந்தது, எடுத்து அந்தரத்தில் பிடித்திருந்தபோதும் "ம்" வந்தது. பரீட்சையில் பெயிலாகக் கூடாது என்று நினைக்கிற பிள்ளையைப்போல, இவ்வளவு நேரத்துக்கு ஒன்று என்று கணக்கு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில்தான் என் பயம் தொடங்கியது.

மருந்து எழுதிய சீட்டோடு அச்சடித்த ஒரு தாளும் தந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். அப்பா இரண்டாம் வகுப்பு. அம்மாவுக்குப் பைபிளில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். கரண்ட் பில், ரேஷன் குறுஞ்செய்தி, ஊசி மருந்தின் டப்பாவில் உள்ள எழுத்து, எல்லாம் என்னிடம்தான் வரும். அந்தத் தாளும் என்னிடம் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். உணர்ச்சி போன காலில் ஒரு சின்னக் காயம் எப்படி உள்ளே போகும், எப்படிக் கறுக்கும், எந்தக் கட்டத்தில் விரலை எடுப்பார்கள், எந்தக் கட்டத்தில் முழங்காலுக்குக் கீழே எடுப்பார்கள் என்று படத்தோடு போட்டிருந்தது.

"என்ன எழுதியிருக்கு மக்கா?" என்று அப்பா கேட்டார்.

"செருப்பு போடாம நடக்கக் கூடாதாம்."

"இவ்வளவுதானா? அதுக்கா இத்தனை எழுத்து?"

அந்தத் தாளைப் படிக்க முடியாத அப்பாவும் அம்மாவும் எனக்கு இருபுறமும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து அந்தத் தாளில் உள்ள படங்கள் என்னை விட்டுப் போகவில்லை. தக்கலையில் நான் வேலை பார்க்கும் கணக்கு ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும்போதும், அப்பா இப்போது எங்கே நடந்துகொண்டிருப்பார், எதை மிதித்திருப்பார் என்றே மனசு ஓடும். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அவரைக் கட்டிலில் உட்காரவைத்து, மொபைல் டார்ச்சை அடித்துப் பாதத்தைப் பார்ப்பேன். ஒரு மண்துகள் ஒட்டியிருந்தாலும் காயம் என்றே நினைப்பேன். துடைத்தபிறகு அது மண் என்று தெரியும்.

அம்மா தன் வழியில் ஒரு காரியம் செய்தாள். தூண்டில் சுருள் மொத்தத்தையும் அடுப்பில் போட்டாள். இரண்டு நாள் வீடு முழுக்க நைலான் எரிந்த நாற்றம். பால்வெட்டும் வேலை அதற்கு முந்தைய மழைக்காலத்திலேயே போய்விட்டது. கைவிரல் நுனியில் உணர்வு குறைந்து கத்தி ஆழமாக விழுந்து மரத்தைக் காயப்படுத்துகிறார் என்று தோட்டக்காரர் மரியாதையாகவே நிறுத்திவிட்டார். ஆகவே அவருக்கு மிஞ்சியிருந்தது ஆறு மட்டும்தான். காயம் கொஞ்சம் உலர்ந்ததும், கட்டு அவிழ்ப்பதற்கு முன்பே, புது தங்கூசி வாங்கிக்கொண்டு பாறைக்குப் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தபோது நூலை வலது காலில் சுற்றியிருந்தார்.

"இடது காலுதான சுகமில்ல" என்றார்.

அன்றுதான் நான் முடிவு செய்தேன். அவரை ஆற்றிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் தூண்டிலை அவர் காலிலிருந்து எடுக்கலாம். ஒரு கம்பு, ஒரு ரீல். கையில் பிடிக்கட்டும், நாற்காலி போட்டு உட்காரட்டும், காலில் ஷூ கிடக்கட்டும்.

எல்லாவற்றையும் படித்துவிட்டே செய்கிற பழக்கம் எனக்கு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மலையாளத்துக்காரர்கள் போடும் தூண்டில் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்கச் சிக்கல் தெளிவானது. கண்ணாடி நாரில் செய்த கம்பு, ராடு என்பார்கள், கல்லில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, விலையும் குறைவு. ஆனால் கனமாக இருக்கும், மீன் தொடுவது பிடிக்கு வந்துசேராது. கார்பன் ராடு ஈர்க்குச்சிபோல லேசாக இருக்கும், இரையை மீன் முகர்ந்தாலே கைக்குத் தெரியும். ஆனால் பாறையில் ஒரு தட்டுத் தட்டினால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, வேறொரு நாள் பெரிய மீன் இழுக்கும்போது படக்கென்று ஒடியும். அப்பாவுக்கு இரண்டும் வேண்டும். கையிலிருந்து அடிக்கடி சாமான் நழுவும், ஆகவே உறுதி வேண்டும். கையில் உணர்வு குறைவு, ஆகவே நுண்மையும் வேண்டும். இரண்டும் சேர்ந்த ராடு ஆறாயிரத்துக்கு மேல் இருந்தது. என்னிடம் இருந்தது இரண்டாயிரத்து ஐந்நூறு.

இதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தைய கதை.

கடைக்காரர் எங்களைவிட உற்சாகமாக இருந்தார். சுவர் நிறைய ராடுகள் சாய்ந்து நின்றன. நான் முதலில் மடக்கு ராடுகளை ஒதுக்கினேன், மூட்டு அதிகமானால் பலவீனமும் அதிகம். இரண்டு துண்டாகப் பூட்டுகிற ராடுகளை மட்டும் எடுக்கச் சொன்னேன். பிறகு சட்டைப்பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்தேன்.

"என்ன தம்பி, காது கொடையப் போறீங்களா?" என்றார் கடைக்காரர்.

"நூல் போற வளையத்துக்குள்ள விட்டு இழுத்துப் பாக்கணும். கீறல் இருந்தா பஞ்சு பிடிக்கும். அந்தக் கீறல் நூலை அறுத்திரும்."

"எலே, இவன் பொண்ணு பாக்கப் போனாலும் பஞ்சோடதான் போவான் போலுக்கே" என்று அத்தான் சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, நான் செய்வதைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ராடில் பஞ்சு பிடித்தது. கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் அதை வாங்கி மூலையில் வைத்தார்.

"சார்ஜால நான் இருந்தப்பம் ஒரு பிலிப்பினோ வச்சிருந்தான் பாத்துக்கிடுங்க மாமா," என்று அத்தான் அப்பாவிடம் தொடங்கினார். "ராடு நுனியில ஒரு மணி. மீன் கடிச்சா கிணிகிணிண்ணு அடிக்கும். முப்பது ரூபா சாதனம். நமக்கும் ஒண்ணு கெட்டிரலாம்."

"மணி கெட்டுகதுக்கு நான் என்ன ஆடா?" என்றார் அப்பா. "கரையில இருக்கியவன் எல்லாம் சிரிப்பான். அதுவும் இல்லாம ஆத்தில ஒழுக்கு உண்டுல்லா, சும்மாவே அடிச்சிட்டு இருக்கும். மீன் எது, வெள்ளம் எதுண்ணு மணிக்கித் தெரியுமா?"

அதற்கு மேல் மணியைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைக்காரர் கார்பனும் கண்ணாடி நாரும் கலந்த ஒரு ராடை எடுத்தார். நுனி மட்டும் உள்ளே பொள்ளல் இல்லாத முழுக்கம்பி. விலை எங்கள் கைக்குள் இருந்தது, ரீலோடு சேர்த்து இரண்டாயிரத்து நானூறு. அதைப் பூட்டி அப்பா கையில் கொடுத்தார்.

"கண்ணை மூடுங்க அண்ணாச்சி. நான் நுனிய நகத்தால தொடுகேன். தெரிஞ்சா சொல்லணும்."

டாக்டரம்மா சொன்னதும் இதைத்தான். அப்பா கண்ணை மூடி நேராக நின்றார்.

"ம்" என்றார். "ம்."

"பாத்தியளா!" என்றார் கடைக்காரர். "இந்த வெலைக்கி இப்படி ஒரு சாதனம் வேற எங்கயும் கிட்டாது."

"மாமாவுக்க கை இப்பமும் கைதான்" என்றார் அத்தான்.

நான் மெதுவாகக் கடைக்காரரின் மணிக்கட்டைப் பிடித்து நுனியிலிருந்து விலக்கினேன். வாயில் விரல் வைத்துக் காட்டினேன்.

"ம்" என்றார் அப்பா.

கடைக்காரரின் முகத்திலிருந்து சிரிப்பு போனது. அத்தான் வெளியே ரோட்டைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"ம்" என்றார் அப்பா மறுபடியும். பிறகு கண்ணைத் திறந்து எங்கள் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். "கொள்ளாம். இது நல்ல ராடு. இது மதி மக்கா, வேற வேண்டாம்."

காலுக்குத்தான் முழுதும் போய்விட்டது, கையில் கொஞ்சம் குறைவு என்றுதான் நான் நினைத்திருந்தேன். கை இந்த அளவுக்குப் போயிருக்கும் என்று நினைக்கவில்லை. இந்த ராடை வாங்கிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. மூன்று நாள் பிடித்துக்கொண்டு இருப்பார், மீன் தின்றுவிட்டுப் போவதுகூடத் தெரியாது, நான்காம் நாள் அதை வீட்டு மூலையில் சாய்த்துவிட்டுப் பழையபடி தங்கூசியைக் காலில் கட்டுவார். அந்தத் தாளின் படங்கள் ஒவ்வொன்றாக என் முன்னால் வந்தன.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது ஒன்று நினைவுக்கு வந்தது. வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று பார்க்க அம்மா விரலை விடுவதில்லை, முழங்கையைத்தான் விடுவாள்.

"அப்பா, கையை வச்சு பிடிச்சது போதும். ராடுக்க அடிப்பாகத்த முழங்கைக்கு உள்பக்கமா அணைச்சுப் பிடியுங்க பாப்போம்."

அந்த ராடின் பிடி அவ்வளவு நீளம் இல்லை. கடைக்காரர் கேட்காமலே போய் இன்னொன்றை எடுத்து வந்தார். அதே கலப்பு, அதே மாதிரி நுனி, ஆனால் கடலில் தூரமாக வீசுவதற்காகப் பின்பிடி நீளமாக வைத்துச் செய்தது. அப்பா அதை முன்கையோடு சேர்த்து, முழங்கையின் மடிப்பில் அடியைப் பதித்துக்கொண்டு கண்ணை மூடினார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

இந்தமுறை "ம்" வரவில்லை. அப்பாவின் நெற்றி சுருங்கியது. நெடுநேரம் வரவில்லை. தொடுங்கள் என்று நான் தலையசைத்தேன். கடைக்காரர் நகத்தின் ஓரத்தால் நுனியை ஒரே ஒரு தடவை தொட்டார்.

அப்பா கண்ணைத் திறந்துவிட்டார்.

"எலே, இப்பம் யாராவது தொட்டியளா?"

அத்தான்தான், "ஆமா மாமா, தொட்டாச்சு" என்றார்.

அந்த ராடு ரீலோடு சேர்த்து மூவாயிரத்து முந்நூறு. என்னிடம் இல்லாததை அத்தான் போட்டார். சீட்டைக் கையில் வாங்கியதும் அப்பா வழக்கம்போல என்னிடம் நீட்டினார். நான் வழக்கம்போல உள்ளதைப் படித்தேன்.

"மூவாயிரத்து முந்நூறா!" என்றார் அவர். முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. "ஒரு கம்புக்கா?"

திரும்பி வரும்போது டெம்போவில் ராடை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு குழியிலும் நுனி கூரையில் இடிக்காமல் குனிந்து குனிந்து பார்த்தார்.

"ஒடிஞ்சா மாத்தித் தருவினுமா?"

"லேசில ஒடியாதுப்பா. அதுக்குத்தான் இத எடுத்தோம்."

"ஆத்தில போனா?"

"ஆத்தில போனா போச்சு. பிடிச்சுக்கிடணும்."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பாறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டேன். காலுறை, கான்வாஸ் ஷூ. கோயிலுக்குப் போகும் மாப்பிள்ளைபோல இருக்கிறார் என்று அக்கரையில் துணி துவைத்தவர்கள் கேலி செய்தார்கள். அப்பா ராடை முழங்கையில் அணைத்துக்கொண்டு தண்ணீரையே பார்த்திருந்தார். வெகுநேரம் கழித்து அவர் தோள் அசைந்தது. நான் பார்த்தவரை நுனி அசையவே இல்லை. ஆனால் அவர் சுண்டி இழுத்தார், ஒரு கெண்டை துள்ளிக்கொண்டு வந்தது. உள்ளங்கை நீளம்கூட இல்லை. அதை முள்ளிலிருந்து எடுக்க அவர் விரல்களால் முடியவில்லை, நான்தான் எடுத்தேன். வீட்டில் அம்மா அதை வாங்கிப் பொரித்து அவருடைய தட்டில் மட்டும் வைத்தாள்.

பிறகு வந்த நாட்கள் நன்றாகவே போயின. எனக்குத்தான் நன்றாக இருக்கத் தெரியவில்லை. அவர் சிரித்தால், எதை மறைக்கிறார் என்று யோசிப்பேன். தூங்கினால் போர்வையை விலக்கிக் காலைப் பார்ப்பேன். ஒரு நாள் அவரே எரிச்சலாகி, "எனக்க காலை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்க, ஆபீசில வச்சுப் பாத்துக்கிட்டே இரு" என்றார். நான் உண்மையிலேயே எடுத்து வைத்திருந்தேன். காயம் மூடி வந்தது. பழைய வெள்ளைக் கோட்டின் மேல் புதுத் தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருந்தது.

கணக்கு முடிக்கிற மாதத்தில் ஆபீசில் வேலை அதிகம். சில சனிக்கிழமைகளில் என்னால் கூடப் போக முடியவில்லை. அப்படி ஒரு நாள் சாயங்காலம் அம்மாவின் போன் வந்தது. அம்மா சாதாரணமாக எனக்கு ஆபீஸ் நேரத்தில் அழைக்கமாட்டாள்.

"மக்கா, நீ வா."

"என்னம்மா?"

"நீ வா."

பஸ்ஸில் வந்த அந்த அரைமணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று எழுத முடியவில்லை. அழகியமண்டபத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றது. இறங்கி ஓடலாமா என்று நினைத்தேன்.

வீட்டு முற்றத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சி. பக்கத்தில் ஒரு வாளியில் முழங்கை நீளத்துக்கு வரால் ஒன்று வளைந்து கிடந்தது. ராடு பத்திரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது. அம்மா அவர் காலடியில் ஒரு துண்டை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். துண்டு முழுக்கச் சிவந்திருந்தது.

"ராடு போவல்ல மக்கா," என்றார் அப்பா. "அதுக்க இழுப்பு ஒனக்குத் தெரியாது. ஒரே இழுப்பு, கையில இருந்து பறிச்சுக்கிட்டுப் போச்சு. ஆனா போவ விடல்ல."

"எப்படி விடல்ல?"

"கெட்டிப் போட்டிருந்தேன்லா."

முதல் நாளிலிருந்தே அவருக்கு இந்தப் பயம் இருந்திருக்கிறது. கை எப்போது பிடித்திருக்கிறது, எப்போது விட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மூவாயிரத்து முந்நூறு ரூபாய் எந்த நேரமும் ஆற்றில் போகலாம். நான் பக்கத்தில் இருக்கும் நாட்களில் நான் பார்த்துக்கொள்வேன் என்று சும்மா இருந்திருக்கிறார். தனியாகப் போன நாட்களில் ஷூவையும் காலுறையையும் கழற்றிவிட்டு, ராடின் பின்பிடியில் தங்கூசியைக் கட்டி, மறுமுனையைக் கால் பெருவிரலில் சுற்றியிருக்கிறார். வேறெங்கே கட்டுவது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. வரால் பறித்துக்கொண்டு போன ராடைக் கையை நீட்டிப் பிடிப்பதற்கு முன், காலால்தான் இழுத்துக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார். பிறகு மீனையும் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறி வீடு வரை நடந்திருக்கிறார்.

அம்மா துண்டைக் கொஞ்சம் தூக்கினாள். நான் அந்தத் தாளில் பார்த்திராத படம் அது. வெள்ளையாக எலும்பு தெரிந்தது.

"வலிக்குதாப்பா?"

"இல்ல மக்கா. சத்தியமா இல்ல." என் முகத்தைப் பார்த்துத்தான் அவர் முகம் மாறியது. "என்ன? ஒரு மாதிரி பாக்க?"

அத்தானின் டெம்போவில் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் அம்மா ஜெபித்துக்கொண்டே வந்தாள், சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது. டாக்டரம்மா காயத்தைப் பார்த்தபின் கையுறையைக் கழற்றாமலே கேட்டார்.

"யாரு கட்டுனது இத?"

"நானாக்கும்" என்றார் அப்பா.

"எதுக்கு?"

"வெலை கூடின சாதனம் டாக்டர்."

டாக்டரம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

முதலில் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். ஒவ்வொரு நாளும் கட்டுப் பிரிக்கும்போது நான் உள்ளே நிற்பேன். அம்மாவை வெளியே அனுப்பிவிடுவேன். விரல் நுனியில் இருந்த கறுப்பு மேலே ஏறுகிறதா என்று பார்க்க நர்சு பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார். கறுப்பு கோட்டைத் தாண்டக் கூடாது. என் படிப்பு முழுக்க அந்தக் கோட்டில் வந்து நின்றது. அதைத் தவிர வேறொன்றையும் வாசிக்க முடியாதவனாக ஆகிவிட்டேன். ஒரு நாள் காலையில் கோட்டைக் காணவில்லை. கறுப்பு அதை மூடியிருந்தது.

"பெருவிரல எடுத்திரணும்," என்றார் டாக்டரம்மா. "இப்ப எடுத்தா பாதம் நிக்கும். ரெண்டு நாள் யோசிச்சீங்கன்னா நான் எங்க வெட்டணும்னு எனக்கே தெரியாது."

கையெழுத்து நான்தான் போட்டேன். அப்பாவை உள்ளே கொண்டுபோகும்போது ஸ்ட்ரெச்சரிலிருந்து என் சட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினார். பிடித்துவிட்டாரா இல்லையா என்று அவருக்கே தெரியாததால் நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மக்கா, ஒரு விரலுதான?"

"ஒரு விரலுதான்பா."

"சத்தியமா? தாளில அப்படித்தான் போட்டிருக்கா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

கதவு மூடியபின் வெளியே உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். திறக்கும்போது போர்வைக்குக் கீழே எவ்வளவு நீளம் இருக்கும் என்பதுதான் அந்த நேரம் முழுக்க என் மனசில் இருந்தது. அத்தான் சாயா வாங்கி வந்து என் கையில் வைத்தார், நான் குடிக்கவில்லை. திறந்தபோது நான் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் போர்வையின் கால்பக்கத்தைத்தான் பார்த்தேன். இரண்டு பாதமும் துணியை மேலே தள்ளிக்கொண்டு நின்றன.

பாதம் நின்றது. தையல் உலர்ந்து வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. நான் பணம் கட்டிவிட்டுச் சீட்டுகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வார்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். அம்மா துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் அப்பா.

அம்மா அவருக்குப் பின்னாலிருந்து, சொல்லாதே என்று கண்ணைக் காட்டினாள். போன தடவை விலையைக் கேட்டதால் வந்த வினைதான் இது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள். இந்தத் தொகையைக் கேட்டால் இனி எதைச் சேமிக்க எதைக் கட்டிப்போடுவார்? மருந்தைப் பாதியாக்குவாரா, டாக்டரைப் பார்க்க வரமாட்டேன் என்பாரா?

"அதெல்லாம் கெட்டியாச்சுப்பா. இன்சூரன்சில கொஞ்சம் கழிஞ்சுது. நீங்க எழும்புங்க."

"நான் எழும்புகேன். நீ சொல்லு. வீட்டில எழுத்து படிக்கத் தெரிஞ்சவன் நீ ஒருத்தன். நீயும் சொல்லல்லண்ணா எனக்கு யாரு சொல்லுவா?"

அம்மாவின் கை மூட்டையின் முடிச்சில் அப்படியே நின்றது.

"எல்லாம் சேத்தா?" என்றேன்.

"எல்லாம். ராடு, ரீல், முதல்ல போட்ட கட்டு, இது, மருந்து, வண்டிக்கி எண்ணெய். ஒண்ணையும் விடாத."

நான் சீட்டுகளை வெளியே எடுத்தேன். எடுக்கத் தேவையே இல்லை, எல்லாம் சேர்த்த தொகை எனக்கு மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொன்றாகப் புரட்டி, கடைசித் தாள் வரை வந்து, அவர் கண்ணைப் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி படித்தேன்: ஐம்பத்து இரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.